எந்த ஹெட்டில் போடுவது?

நான் கணக்கு எழுதிய தொண்டு நிறுவனங்கள் அத்தனையிலும் ஒரு கேள்வி பொது: "அக்கா, இதை எந்த ஹெட்டுல போடுறது?" களப்பணியாளர் ஒருவர் பஸ் டிக்கெட்டை நீட்டிக்கொண்டு நிற்பார். காலையில் ஒட்டன்சத்திரம் போய் மகளிர் குழுக் கூட்டத்தை நடத்தியிருப்பார். மதியம் அங்கேயே ஒரு பள்ளி நூலகத்துக்கு அலமாரி விலை விசாரித்திருப்பார். திரும்பும்போது திண்டுக்கல்லில் அலுவலகப் பிரிண்டருக்கு மை வாங்கியிருப்பார். மகளிர் குழுவுக்கு நிதி தரும் டோனர் ஒருவர், நூலகத்துக்கு இன்னொரு டோனர், மைக்கு யாருமில்லை. டிக்கெட்டோ ஒன்றுதான்.

யாரும் பொறுப்பேற்காத அந்த மைதான் எங்கள் தொழிலில் ஓவர்ஹெட். அதோடு வாடகை, மின்கட்டணம், ஆடிட்டர் கட்டணம், டாலி சந்தா, செத்துப்போன யூ.பி.எஸ். பேட்டரி, பிறகு என் சம்பளம். நன்கொடை கேட்டு அடிக்கும் துண்டறிக்கையில் 'உங்கள் நூறு ரூபாயில் தொண்ணூற்றைந்து நேரடியாக மக்களுக்கு' என்று போடுவார்கள். மிச்ச ஐந்து ரூபாய் நான். அந்தத் துண்டறிக்கையின் அச்சுக்கூலி எந்த ஹெட்டில் ஏறியது என்பது தனிக் கதை.

என்னைப் போலப் பலர் இந்தத் துறைக்குள் வந்தது சுனாமிக்குப் பிறகு. 2004 டிசம்பர் 26-ஐ அடுத்த மாதங்களில் நாகப்பட்டினத்தில் படகுக்குப் பணம் வந்தது, வலைக்கு வந்தது, தற்காலிகக் கொட்டகைக்கும் நிரந்தர வீட்டுக்கும் வந்தது. கணக்கு எழுதும் ஆளுக்கு மட்டும் வரவில்லை. ஒரே குடும்பத்துக்கு இரண்டு நிறுவனம் படகு கொடுத்துவிட்டதா, படகே இல்லாமல் மீன் விற்றுப் பிழைத்த பெண்கள் பட்டியலில் இருக்கிறார்களா என்று உட்கார்ந்து பார்க்கிற ஆளுக்கு பட்ஜெட்டில் ஒரு வரி கிடையாது. படகு தேவைக்கு மேல் குவிந்த குப்பங்கள் இருந்ததில் எங்களில் யாருக்கும் ஆச்சரியம் இல்லை.

அந்தச் சமயத்தில் சினேகா என்ற தொண்டு நிறுவனமும், சிஃப்ஸ் என்று சொல்லப்படும் தென்னிந்திய மீனவர் சங்கங்களின் கூட்டமைப்பும் முன்னின்று, மாவட்ட நிர்வாகத்தின் ஒத்துழைப்போடு நாகையில் ஒரு தொண்டு நிறுவன ஒருங்கிணைப்பு மையத்தைத் தொடங்கின. என்.சி.ஆர்.சி. என்றால் அங்கே எல்லோருக்கும் தெரியும். எந்த ஊரில் யார் என்ன செய்கிறார்கள், எந்த ஊருக்கு யாரும் போகவில்லை என்ற தகவலைத் திரட்டிப் பகிர்ந்துகொள்வது அதன் முக்கிய வேலை. அந்த வேலையின் செலவை எழுதச் சொன்னால் மேசை, தொலைபேசி, ஆள், கூட்டம், தேநீர் என்றுதான் எழுத முடியும். டோனர் கண்ணுக்கு எல்லாமே ஓவர்ஹெட். அந்த மேசையில் வந்து கேட்காமல் நேரே லாரியை அனுப்பியவர்களின் பொருள் எங்கே போய் இறங்கியது என்பதைப் பார்த்தவர்களுக்கு, 'நிர்வாகச் செலவு குறைந்த நிறுவனம் நல்ல நிறுவனம்' என்ற பேச்சில் நம்பிக்கை போய்விடும். எனக்குப் போனது அப்போதுதான்.

டோனர் ஐந்து விழுக்காட்டுக்கு மேல் தர மாட்டேன் என்றால் செலவு ஐந்து விழுக்காட்டுக்குள் வந்துவிடுமா? வராது. பெயரை மாற்றிக்கொள்ளும். கணக்காளர் பட்ஜெட்டில் 'திட்ட உதவியாளர்' ஆவார். அலுவலக வாடகை 'பயிற்சி அரங்கக் கட்டணம்' ஆகும். இணையக் கட்டணத்தை 'தகவல் பரவலாக்கம்' என்று எழுதிய ஒரு பட்ஜெட்டைப் பார்த்திருக்கிறேன். எழுதியவருக்கு நல்ல தமிழ். இதில் யாரும் ஒரு பைசா எடுத்துக்கொண்டு போகவில்லை. கணக்காளர் உண்மையாகவே வேலை செய்தார், வாடகை உண்மையாகவே கட்டப்பட்டது. இருந்தும் வவுச்சர் சொல்லும் கதை வேறு, நடந்த கதை வேறு.

இப்படி மறைத்து எழுதிப் பழகிய இடத்தில்தான் நிஜமான தப்பும் வந்து ஒண்டிக்கொள்ளும். ஒரு நிறுவனத்தில் நான் சேர்வதற்கு முந்தைய ஆண்டுக் கணக்கைப் புரட்டியபோது ஆடிட்டர் கட்டணம் முழுசாக மூன்று டோனர் அறிக்கையில் இருந்தது. ஆடிட்டர் வாங்கியது ஒரு கட்டணம், வசூலானது மூன்று. திட்டமிட்டுச் செய்ததா என்று விசாரித்தால் இல்லை. ஒவ்வொரு டோனருக்கும் தனித்தனி எக்செல் கோப்பு, தனித்தனி ஆள், ஒவ்வொரு பட்ஜெட்டிலும் 'தணிக்கை' என்று ஒரு வரி. மூன்று கோப்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கூட்டிப் பார்க்கும் வேலை யாருக்கும் ஒதுக்கப்படவில்லை. அதுவும் ஓவர்ஹெட்தானே!

அதனால் எந்த நிறுவனத்தில் சேர்ந்தாலும் நான் முதலில் போடுவது ஒரே ஒரு தாள். இடது ஓரத்தில் நிறுவனத்தின் எல்லாச் செலவும் வரிசையாக. மேலே டோனர்கள், பத்திபத்தியாக. கடைசிப் பத்தி 'பொது'. ஒவ்வொரு வரியையும் குறுக்கே கூட்டினால் நூறு வர வேண்டும். நூற்றிருபது வந்தால் ஒரு ரூபாயை இருவரிடம் வாங்கியிருக்கிறோம். எண்பது வந்தால் மிச்சம் எந்தப் பத்தியிலும் ஏறவில்லை. இந்தத் தாளில் கூட்டல் கழித்தலைத் தாண்டி ஒன்றுமில்லை. சண்டையெல்லாம் எதை வைத்துப் பிரிப்பது என்பதில்தான்.

வாடகை சுலபம். டேப் பிடித்து அளந்து, எந்தத் திட்டத்து ஆட்கள் எத்தனை சதுர அடியில் உட்கார்கிறார்கள் என்று பிரித்துவிடலாம். கூட்ட அறையும் கழிப்பறையும் மாடிப்படியும் பொது. ஆடிட்டர் கட்டணத்தைத் தொகையை வைத்துப் பிரிப்பார்கள். நான் வவுச்சர் எண்ணிக்கையை வைத்துப் பிரிப்பேன். ஒரு கோடிக்கு வீடு கட்டும் திட்டத்தில் வவுச்சர் கொஞ்சம். பத்து லட்சத்துக்கு மாலை நேரப் பள்ளிகள் நடத்தும் திட்டத்தில் சுண்டலுக்குத் தனி, சாக்பீஸுக்குத் தனி என்று குவிந்துகிடக்கும். ஆடிட்டரின் பையன்கள் கண் வலிக்கப் புரட்டுவது இரண்டாவதைத்தான்.

சம்பளம்தான் கஷ்டம். டைம்ஷீட் என்று ஒன்று உண்டு. மாதக் கடைசி நாளில் எல்லோரும் ஒரே பேனாவால் நிரப்புவார்கள். தினம் எட்டு மணி நேரம், நான்கு திட்டம், திட்டத்துக்கு இரண்டு மணி. அந்தத் தாளை ஆதாரம் என்று கோப்பில் வைப்பதைவிட வைக்காமலே இருக்கலாம். மணிக்கணக்கை விட்டுவிட்டு அரைநாள் கணக்காக, வாரம் ஒருமுறை, திங்கள்கிழமைக் கூட்டத்திலேயே எல்லோர் முன்னாலும் எழுதவைத்த பிறகு ஓரளவு நம்பும்படி வந்தது. இயக்குநரைத்தான் மடக்க முடியவில்லை. "சார், போன வாரம் எந்தத் திட்டத்துக்கு வேலை பார்த்தீங்க?" என்றால், "எல்லாத்துக்கும்தாம்மா" என்பார். பொய்யும் இல்லை.

சட்டத்தின் பக்கம் வருகிறேன். வெளிநாட்டு நன்கொடையை ஒழுங்குபடுத்தும் எஃப்.சி.ஆர்.ஏ. சட்டம் முதலில் நெருக்கடி நிலைக் காலத்தில், 1976-ல் வந்தது. அதற்குப் பதிலாக வந்த 2010-ஆம் ஆண்டுச் சட்டம்தான் நிர்வாகச் செலவுக்கு 50 விழுக்காடு என்று உச்சவரம்பு வைத்தது. 2020 செப்டம்பர் திருத்தம் அதை 20 ஆக்கியது. அதே திருத்தம், வாங்கிய வெளிநாட்டு நன்கொடையை இன்னொரு நிறுவனத்துக்கு மாற்றிக் கொடுப்பதையும் தடுத்தது. எல்லோரும் புதுதில்லியில் பாரத ஸ்டேட் வங்கியின் ஒரே ஒரு குறிப்பிட்ட கிளையில்தான் கணக்கு வைத்துப் பணம் பெற வேண்டும் என்றது. கொரோனா காலம். ஊரடங்கில் அரிசி கொடுத்துக்கொண்டே படிவமும் நிரப்பினோம். மாற்றிக் கொடுக்கத் தடை வந்ததும், பெரிய நிறுவனம் ஒன்றின் கணக்குப் பிரிவை நம்பிக் கிராமத்தில் இயங்கிய சிறிய அமைப்புகள் வெளிநாட்டுப் பணத்தை இழந்தன. அந்தப் பெரிய நிறுவனத்தின் ஓவர்ஹெட்தான் இவர்களுக்கு ஆடிட்டராகவும் வக்கீலாகவும் இருந்தது.

20 விழுக்காடு போதாதா என்று கேட்பவர்கள், எதையெல்லாம் அதற்குள் அடைக்க வேண்டும் என்று அந்தச் சட்டத்துக்கான விதிகளில் ஐந்தாவதைப் பார்க்க வேண்டும். மேலாண்மைக்கு வைத்த ஆட்களின் சம்பளமும் பயணமும், மின்சாரம், தண்ணீர், தொலைபேசி, தபால், எழுதுபொருள், வாடகை, பழுதுபார்ப்பு, சட்ட ஆலோசனை, வாகனத்தை ஓட்டிப் பராமரிக்கும் செலவு எல்லாம் உண்டு. கணக்கு வைக்கிற செலவும் அறிக்கை எழுதுகிற செலவும்கூட உண்டு. வெளிப்படையாக இரு என்று சொல்லும் சட்டமே, வெளிப்படையாக இருப்பதற்கு ஆகும் செலவைக் குறைக்கச் சொல்கிறது. மருத்துவமனை நடத்தினால் டாக்டர் சம்பளம், பள்ளி நடத்தினால் ஆசிரியர் சம்பளம் போன்றவை இதில் சேராது. ஆய்வும் பயிற்சியுமே முதன்மை வேலையாக உள்ள அமைப்பில் களத் தகவல் திரட்டுபவரின் சம்பளமும் சேராது. சேர்வதற்கும் சேராததற்கும் நடுவில்தான் எங்கள் பிழைப்பு. நடமாடும் மருத்துவ வேனின் டிரைவர் நிர்வாகமா, மருத்துவமா? நான் மருத்துவம் என்றுதான் எழுதுவேன், ஏன் என்று ஒரு பக்கக் குறிப்பும் கோப்பில் வைப்பேன். வேறு ஆடிட்டர் வேறு மாதிரி சொல்லலாம்.

இன்னொரு சிக்கல் வெளியாட்களுக்குத் தெரியாது. 2024 முடியும் வரை வரம்பைக் கணக்கிட்டது அந்த நிதியாண்டில் வந்த தொகையின் மேல் மட்டும். மார்ச் 28-ல் பெருந்தொகை ஒன்று வந்தால் அந்த ஆண்டின் விழுக்காடு அழகாகக் குறைந்துவிடும். அடுத்த ஆண்டு அதே பணத்தைச் செலவழிப்போம், வரவு ஒன்றும் இருக்காது, விழுக்காடு எகிறும். ஆள் அதே, வாடகை அதே. ஒரு வருடம் சிக்கன நிறுவனம், மறுவருடம் ஊதாரி நிறுவனம்.

கம்பெனிகளின் சி.எஸ்.ஆர். பணத்தில் வேறொரு கூத்து. 2013-ஆம் ஆண்டுக் கம்பெனிச் சட்டத்தின் 135-ஆம் பிரிவின்படி குறிப்பிட்ட அளவுக்கு மேலுள்ள கம்பெனிகள், முந்தைய மூன்றாண்டுச் சராசரி நிகர லாபத்தில் 2 விழுக்காட்டைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். அதற்கான விதிகளில் நிர்வாக ஓவர்ஹெட் 5 விழுக்காட்டைத் தாண்டக்கூடாது என்று இருக்கிறது. சி.எஸ்.ஆர். அதிகாரிகள் இதைக் காட்டி, "சட்டமே அஞ்சுதான் சொல்லுது மேடம், நாங்க என்ன பண்றது?" என்பார்கள். அந்த ஐந்து விழுக்காடு கம்பெனிக்கு உள்ளது, தன்னுடைய சி.எஸ்.ஆர். பிரிவை நடத்தக் கம்பெனி எடுத்துக்கொள்ளும் செலவுக்கான வரம்பு. திட்டத்தைக் களத்தில் நடத்தும் நிறுவனத்தின் செலவு அந்தக் கணக்கில் வராது என்று கம்பெனி விவகார அமைச்சகம் 2021 ஆகஸ்ட் 25 தேதியிட்ட சுற்றறிக்கையின் கேள்வி-பதிலில் தெளிவுபடுத்தியது. அதை அச்செடுத்து என் பையிலேயே வைத்திருக்கிறேன். நீட்டினால், "எங்க இன்டர்னல் பாலிசி அப்படி" என்று பதில் மாறும். சட்டம் என்பதைவிட இது நேர்மையான பதில். இதோடு பேரம் பேசலாம்.

விழுக்காடு எதன்மேல் என்பதும் முக்கியம். நேரடிச் செலவு 80 லட்சம், அதன்மேல் 20 விழுக்காடு ஓவர்ஹெட் என்றால் 16 லட்சம். மொத்தம் 96 லட்சம். மொத்தத்தில் பார்த்தால் ஓவர்ஹெட் 16.67 விழுக்காடுதான். மொத்தத்தில் 20 வேண்டுமென்றால் நேரடிச் செலவின்மேல் 25 கேட்க வேண்டும். எதன்மேல் என்று சொல்லாமல் விழுக்காட்டை மட்டும் சொல்கிற டோனரிடம் நான் முதலில் கேட்பது இதைத்தான்.

இந்தக் குழப்பம் அமெரிக்காவில் பெரிய அளவில் நடந்ததைச் செய்தித்தாளில் பார்த்தோம். 2025 பிப்ரவரியில் அந்நாட்டின் தேசிய சுகாதார நிறுவனமான என்.ஐ.எச்., ஆய்வு மானியங்களின் மறைமுகச் செலவு எல்லோருக்கும் 15 விழுக்காடுதான் என்று அறிவித்தது. அதுவரை ஒவ்வொரு பல்கலைக்கழகமும் அரசோடு தனித்தனியே பேசி விகிதம் வைத்திருந்தது, ஹார்வர்டுக்கு 69. நூறு ரூபாயில் 69 ரூபாயை நிர்வாகம் தின்கிறது என்று படித்தவர்கள் கொதித்தார்கள். உண்மையில் அது, சில இனங்களை ஒதுக்கிவிட்டு மிஞ்சும் நேரடிச் செலவின்மேல் கூடுதலாகத் தருவது. மொத்தத்தில் 41-ஐத் தாண்டாது. அதுவும் பெரிய தொகைதான், ஆனால் அதற்குள் ஆய்வகக் கட்டடமும் இருக்கிறது, கழிவை அப்புறப்படுத்துவதும் இருக்கிறது. நீதிமன்றங்கள் அந்த அறிவிப்பைத் தடுத்தன.

பல்கலைக்கழகங்கள் மேல் சந்தேகம் வருவதற்குப் பழைய காரணமும் உண்டு. 1990-91-ல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகம் அரசிடம் கேட்ட மறைமுகச் செலவுகளுக்குள் ஒரு உல்லாசப் படகின் தேய்மானமும் தலைவர் வீட்டுப் பூக்களும் இருந்தது வெளியே வந்தது. நாடாளுமன்ற விசாரணை நடந்தது, தலைவர் பதவி விலகினார். 1994-ல் மோசடிக்கு ஆதாரம் இல்லை என்று 12 லட்சம் டாலரோடு சமரசம் ஆனது. ஆனால் 1991-லேயே பல்கலைக்கழகங்களின் நிர்வாகப் பகுதிக்கு 26 விழுக்காடு என்று வரம்பு வந்துவிட்டது. அந்தப் படகு மட்டும் ஒரு தனி வரியில் தெரிந்திருந்தால் முதல் வருடமே யாராவது ஒரு குமாஸ்தா சிவப்பு மையால் வட்டம் போட்டிருப்பார்.

நம் ஊர் ஆய்வு நிறுவனங்களில் இந்த அளவுக்குப் போகாது. மத்திய அறிவியல் நிதியமைப்புகளின் சிறு திட்டங்களில் கல்லூரிக்கும் பல்கலைக்கழகத்துக்கும் வழக்கமாக 10 விழுக்காடு. கொஞ்ச காலம் ஓர் ஆய்வு நிறுவனத்தின் புராஜெக்ட் பிரிவில் இருந்தபோது, "என் கிராண்டுல பத்து பர்சன்ட் எடுத்துட்டாங்க" என்று புலம்பாத பேராசிரியர் இல்லை. அவர் மாதிரிகளை வைத்திருக்கும் மைனஸ் 80 டிகிரி உறைபெட்டி ஒரு நடுத்தர வீட்டைவிட அதிக மின்சாரம் குடிக்கும். அது சூடேறாமல் இருக்க ஏ.சி. ஓட வேண்டும், கரண்ட் போனால் ஜெனரேட்டர் எழும்ப வேண்டும், டீசல் யாராவது ஊற்ற வேண்டும். எந்தப் பேராசிரியரின் யூட்டிலைசேஷன் சர்டிஃபிகேட்டிலும் டீசல் கிடையாது. அதே சமயம் அவர் கோபத்திலும் நியாயம் உண்டு. அந்தப் பத்து விழுக்காடு டீசலுக்குத்தான் போனது என்று யாரும் அவருக்குக் காட்டியதில்லை.

பிரிட்ஜ்ஸ்பான் என்ற ஆலோசனை அமைப்பு இந்தியாவில் ஓரளவு நிதிவசதியுள்ள 40 தொண்டு நிறுவனங்களின் கணக்கை ஆராய்ந்து 2021-ல் வெளியிட்டது. உண்மையான மறைமுகச் செலவு 5 விழுக்காட்டிலிருந்து 51 வரை இருந்தது. நடு எண் 19. எனக்குப் பிடித்தது அந்த 5-க்கும் 51-க்கும் உள்ள தூரம். அரிசி வாங்கிக் கொடுப்பவருக்கு ஐந்து போதும். சட்ட உதவி செய்பவருக்கு வேலையே ஆட்களும் பேப்பரும்தான். இருவரையும் ஒரே எண்ணால் அளந்துவிட்டு யார் நேர்மை என்று தீர்ப்புச் சொல்லக்கூடாது. எத்தனை விழுக்காடு என்று டோனர்கள் கேட்பதை விட்டுவிட்டு, எதை எந்த அடிப்படையில் பிரித்தீர்கள், அந்தத் தாளைக் காட்டுங்கள் என்று கேட்கட்டும். கேட்டுவிட்டுத் தண்டிக்காமலும் இருக்கட்டும். ஓர் அறக்கட்டளை, முழு உண்மையையும் காட்டுங்கள் என்று வற்புறுத்தியது. 22 என்று காட்டினோம். மிக்க நன்றி சொல்லி 7 கொடுத்தார்கள். பக்கத்து நிறுவனத்தார் 'திட்ட உதவியாளர்' வழியிலேயே போய் முழுசாக வாங்கிக்கொண்டார்கள். உண்மை பேச மாட்டோம் என்று அவர்கள் முடிவு செய்திருந்தால் நான் குறை சொல்ல மாட்டேன்.

கணக்கை வெளியே காட்டும் விஷயத்தில் அரசாங்கமும் சில சமயம் எதிர்த்திசையில் போகிறது. எஃப்.சி.ஆர்.ஏ. வரவை மூன்று மாதத்துக்கு ஒருமுறை இணையத்தில் வெளியிட வேண்டும் என்றிருந்த விதியை 2022 ஜூலையில் எடுத்துவிட்டார்கள். அதே மாதம் உள்துறை அமைச்சகத்தின் தளத்தில் எல்லோரும் பார்க்கும்படி இருந்த நிறுவனங்களின் ஆண்டுக் கணக்குகளும் காணாமல் போயின. அதுவரை, நம்மைப் போன்ற இன்னொரு நிறுவனம் வாடகைக்கு எவ்வளவு எழுதுகிறது என்று நான் அங்கேதான் பார்ப்பேன்.

இப்போது இருக்கும் நிறுவனத்தில் செலவைப் பிரித்துக் காட்டும் அந்தத் தாளை ஆண்டறிக்கையின் பின்பக்கம் அச்சடிக்கிறோம், இயக்குநர் சம்பளம் உட்பட. ஊழியர்களிடையே ஒரு வாரம் சலசலப்பு, பிறகு அடங்கிவிட்டது. மகளிர் குழுக் கூட்டமைப்பின் பொதுக்குழுவிலும் வாசித்தேன். அவர்களுக்கு ஓவர்ஹெட் புதிதல்ல. குழுவின் புத்தகம் எழுதும் பெண்ணுக்கு மாதாமாதம் உறுப்பினர்கள்தான் காசு போட்டுக் கொடுக்கிறார்கள். பேனா வாங்கிய செலவுகூடத் தீர்மான நோட்டில் ஏறும், கூட்டத்தில் சத்தமாக வாசிக்கப்படும். அதில் யாருக்கும் கூச்சம் இல்லை.

வாசித்து முடித்ததும் பின்வரிசையில் இருந்த ஒரு தலைவி எழுந்தார். "கடைசிக் கட்டத்துல 'பொது'ன்னு போட்டிருக்கீங்களே, அது யாரு காசும்மா?" நிறுவனம் ஆரம்ப நாளிலிருந்து சேர்த்துவைத்த வைப்புத்தொகையின் வட்டி, போதாதபோது முதலிலிருந்தும் எடுக்கிறோம் என்றேன். "முதலையா? எங்க குழுவுல அப்படி எடுத்தா நீங்க விடுவீங்களா?" என்றார். கூட்டம் சிரித்தது. வைப்புத்தொகை எவ்வளவு பாக்கி, இந்த வேகத்தில் எத்தனை வருடம் தாங்கும் என்று கேட்டு, நான் சொன்னதைத் தன் நோட்டில் குறித்துக்கொண்டார். அந்த இரண்டு எண்ணையும் அடுத்த ஆண்டறிக்கையில் இன்னொரு வரியாகச் சேர்க்கிறோம்.